ஏழு மணிச் சாப்பாடு

கேள்வி: திருகோணமலை, பாலையூற்றில் வசிக்கிறேன். வயது 43. ஞாயிறு பூசை தவறவிட்டதில்லை. ஆனால் ஒரு வருடமாக நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கும்போது மனதில் ஒன்றும் தோன்றுவதில்லை. நாக்கில் மாவு கரைவது மட்டும்தான் தெரிகிறது. வீட்டிலும் குறை வைப்பதில்லை. அம்மாவுக்குக் கை நடுக்கம், அதனால் அவருக்கு ஏழு மணிக்கே அறைக்குள் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, நாங்கள் எட்டரைக்குச் சாப்பிட்டு, செபமாலை சொல்லித்தான் படுப்போம். மாதத்தின் முதல் வெள்ளியில் பங்குச் சுவாமி அம்மாவுக்கு நன்மை கொண்டுவருவார். நான் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போய்விடுவேன். நற்கருணையின் உண்மையான பொருள்தான் என்ன?

பதில்: தங்கச்சி, மாவு ருசியை விடுங்கள். கோதுமை மாவும் தண்ணீரும் சேர்ந்த அப்பம் மாவாகத்தான் ருசிக்கும். அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறினாலும் அதன் தோற்றமும் ருசியும் அப்படியே இருக்கும் என்றுதான் 1551இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கமும் சொன்னது. நாக்கிடம் சாட்சி கேட்காதீர்கள்.

எனக்குத் தொண்டையில் முள்ளாய் நிற்பது அந்த ‘ஏழு மணிக்கே அறைக்குள்’தான். குறை வைப்பதில்லை என்பதற்கு அத்தாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள்! ஏன் அறைக்குள்? நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கை நடுங்கினால் சோறு சிந்தும், சொதி மேசையில் ஊற்றுப்படும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அப்பத்தில் ஒரு துணுக்குக் கீழே விழக்கூடாது என்று பீடத்தின் முன் கையைக் குவித்துப் பிடிக்கிற நீங்கள், நாலு பருக்கை விழுகிறது என்பதற்காகப் பெற்றவளைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள்.

பைபிளில் திருத்தூதர் பவுல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தை எடுங்கள், 11ஆம் அதிகாரம். நற்செய்தி நூல்களுக்கும் முந்திய எழுத்து அது. ‘இது என் உடல்’ என்ற வார்த்தைகளைப் பவுல் அங்கே எழுதுவது ஆராதனைக்கு விளக்கம் சொல்ல அல்ல, ஒரு சாப்பாட்டுச் சண்டையைத் தீர்க்க. ஆண்டவருடைய விருந்து என்று கூடினார்கள். சிலர் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ‘உடல்’ எதுவென்று உணராமல் உண்பவன் தன்மேல் தீர்ப்பை வருவித்துக்கொள்கிறான் என்று அவர் கோபப்படுவது அந்த இடத்தில்தான். அப்பத்தில் இருப்பவரையும் பக்கத்தில் இருப்பவரையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. சரி, அதற்கு என்ன பரிகாரம் சொல்கிறார்? நோன்பா, நவநாளா? சாப்பிடக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார், 33ஆம் வசனத்தில். ஏழுக்கும் எட்டரைக்கும் நடுவில் உங்கள் வீட்டில் இல்லாமல் போனது அந்தக் காத்திருப்புத்தான்.

முதல் வெள்ளிக்கு வருகிறேன். நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் முதியோருக்கும் நோயாளருக்கும் அதில் விலக்குக் கொடுக்கிறது. அதோடு நிற்கவில்லை, அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் கொடுக்கிறது. அதாவது நோயாளியின் பக்கத்தில் மகளோ மகனோ இருப்பார், அவரும் அங்கேயே நன்மை வாங்குவார் என்று நினைத்தே எழுதியிருக்கிறார்கள். நீங்களோ வெள்ளைத் துணியை விரித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறீர்கள். ஆண்டவர் அந்த அறைக்கு வந்து போகிறார், நீங்கள் நாக்கில் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

பெற்றவர்கள் விடயத்தில் நான் பழங்காலத்து ஆள்தான். அம்மாவைத் தனியே உண்ணவிட்டு எட்டரைக்குச் சொல்கிற செபமாலையை நான் பெரிதாக மதிக்கமாட்டேன்.

இன்று இரவு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கோப்பை போடுங்கள். எட்டரை அம்மாவுக்குச் சுணங்கினால் நீங்கள் எல்லோரும் ஏழுக்குச் சாப்பிடுங்கள், பசி அதற்குப் பழகிவிடும். இடியப்பம் என்றால் அவருக்குச் சொதியில் ஊறவிட்டு, கரண்டியால் நீங்கள் தீத்துங்கள். அப்புறம் வரும் முதல் வெள்ளிக்குக் கந்தோரில் அரைநாள் லீவு கேளுங்கள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு வையுங்கள்.