தடுப்பூசி: நெல்லை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பீடி சுத்துறேன். ஒன்றரை மாச ஊசி போட்ட ராத்திரி முழுக்க பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் பீடித் தட்டையே தொட முடியலை. நல்லா இருந்த பிள்ளைக்கு அடுத்த ஊசி எதுக்கு? (முக்கூடல்)

தாயி, ஒரு நாள் கூலி போவது சின்ன விஷயமில்லை. உங்களை மாதிரி கேட்கிறவர்களை 'விவரம் தெரியாதவர்கள்' என்று ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காய்ச்சல் வரலாம் என்று ஊசி போடும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் பயம் வரத்தான் செய்யும்.

அது ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, ஹிப் என்ற கிருமியால் வரும் நிமோனியா, மூளைக்காய்ச்சல். கக்குவான் மருந்துதான் பெரும்பாலும் காய்ச்சலைக் கொண்டுவருகிறது. ஓரிரு நாளில் இறங்கிவிடும். பிள்ளையின் எடைக்கு எவ்வளவு பாராசிட்டமால் என்று நர்சம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் தைலம் தேய்க்க வேண்டாம். வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை ஓயாவிட்டாலோ, இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு தவணை மட்டும் போட்டால் எதிர்ப்புச் சக்தி முழுதாக வராது. இரண்டரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் அவசியம் போடுங்கள். புதன்கிழமை ஊசி என்றால் செவ்வாயே இலை வெட்டி வைத்துவிட்டு, வியாழக்கிழமை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். அந்த ஒரு நாள் வீட்டு ஆண்கள் பார்த்தால்தான் என்ன?

மணல்வாரி அம்மன் வந்து போறது. வேப்பிலை போதாதா? (மானூர்)

ஆச்சி, வேப்பிலை வையுங்கள், கும்பிடுங்கள், தடையே இல்லை. ஆனால் மணல்வாரியோடு நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து, கண்ணும் பாதிக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் வைட்டமின் ஏ கொடுக்கிறோம். உங்கள் இளவயதில் ஊரையே நடுங்க வைத்த பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை. அதை ஒழித்தது அம்மைப்பால் என்ற தடுப்பூசிதான். பேரனுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் மணல்வாரிக்கான முதல் ஊசி, ஒன்றரை வயதில் அடுத்தது.

சொட்டு மருந்து குடிச்ச பிள்ளைக்குப் பின்னால வாரிசு இருக்காதுன்னு வாட்ஸ்அப்பில் வருதே? (சேரன்மகாதேவி)

பொய். நாடு முழுக்க போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியது 1995-இல். அன்று குடித்த பிள்ளைகள்தான் இன்று தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

திருப்பூருக்கு வேலைக்குப் போனதில் இரண்டு தவணை விட்டுப்போச்சு. முதல்லயிருந்து போடணுமா? (ராதாபுரம்)

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டை தொலைந்திருந்தாலும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.

மகனை நாய் கடிச்சு ஒரு வாரமாச்சு. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசின்னு பயந்து போகலை. (அம்பாசமுத்திரம்)

அந்த ஊசி எப்போதோ போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், தோலுக்குள் சின்னதாக. முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு முறை போனால் போதும். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கவே கூடாது. வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற மருந்தில்லை. ஒரு வாரம் தாமதமானாலும் ஊசி போடலாம், போட்டே ஆக வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து தனியாக உண்டு. இன்னும் போகவில்லை என்றால் இப்போதே மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.