'தெரில' என்கிற பையன்

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். அடிதடி, சைக்கிள் திருட்டு என்று போலீஸ் வரை போய் வந்துவிட்டான். எதைக் கேட்டாலும் 'தெரில' என்று தோளைக் குலுக்குகிறான். சக ஆசிரியர்கள் 'கொழுப்பு' என்கிறார்கள். கூட்டாளிகளோடு சேர்ந்தால் வாய் ஓயாது. இது நடிப்புதானா?

கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

நடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் கொழுப்பு என்று முத்திரை குத்துமுன் இதைக் கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பமீலா ஸ்நோ, மார்ட்டீன் பவல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காவலில் இருந்த 100 இளைஞர்களைச் சோதித்தார்கள். 46 பேருக்கு மொழித்திறன் குறைபாடு, அதாவது பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் தான் சொல்வதைக் கோப்பதிலும் சிரமம், என்று 2011இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆய்வொன்றில் ஒரு படக்கதையைக் காட்டிச் சொல்லச் சொன்னார்கள். நாயோடு நடந்து போகிறவன் தலையில் பூந்தொட்டி விழுகிறது. கொதித்துப்போய் மாடி ஏறுகிறான். வீட்டுக்காரம்மா நாய்க்கு ஓர் எலும்பு கொடுக்க, அவன் கோபம் வடிந்துவிடுகிறது. பள்ளி மாணவர்கள் இதைக் கோவையாகச் சொன்னார்கள். வழக்கில் சிக்கிய பையன்களின் கதையிலோ, அவன் என்ன செய்ய நினைத்தான், அது எப்படி முடிந்தது என்பதெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

கூட்டாளிகளிடம் இந்தச் சிக்கல் இல்லை. 'டேய், நேத்து அங்க...' என்றாலே மீதி அவர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் அறையில், சம்பவத்தைப் பார்க்காத ஒருவருக்கு ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும். அது வராதவனுக்கு 'தெரில'தான் கைவசம் இருக்கும் பதில்.

திருத்துவதற்கு நாம் வைத்திருக்கும் வழிகளும் பேச்சுதான். ஆற்றுப்படுத்துதல், விசாரணை, பாதிக்கப்பட்டவரிடம் வாய்விட்டு மன்னிப்பு. ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ளும் பையன் 'வருத்தமே இல்லாதவன்' என்று பெயர் வாங்கிவிடுவான் என்பது ஸ்நோவின் கவலை. நமது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், விசாரணை மொழி தெரியாத சிறாருக்கு மொழிபெயர்ப்பாளர் தரச் சொல்கிறது. தமிழ்ப் பையனுக்குத் தமிழ் விசாரணையே பிடிபடவில்லை என்றால்? நியூசிலாந்தில் இளையோர் நீதிமன்றத்தில் இதற்கென்றே உதவியாளரை உட்காரவைக்கிறார்கள்.

பேச வராததால்தான் திருடினான் என்று நான் சொல்லவில்லை. வீடு, வறுமை, சகவாசம் எல்லாம் இருக்கிறது.

'ஏன்டா செஞ்ச?' என்பதைக் கொஞ்சநாள் விடுங்கள். 'முதல்ல யாரு வந்தா? அப்புறம்?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். காது சரியாகக் கேட்காவிட்டாலும் பேச்சு பிடிபடாது; அரசு மருத்துவமனையில் காதையும் ஒருமுறை சோதித்துவிடச் சொல்லுங்கள். அடங்காத பையனுக்குக் காது மந்தமாக இருக்கலாம் என்று பள்ளிகளில் யாருக்கும் தோன்றுவதே இல்லை.