கடுவன் கொட்டாவி விட்டால் தள்ளி நில்லுங்கள்: மண்டையோடு, தாடை கேள்வி பதில்

குரங்கு மண்டையோடு, மனித மண்டையோடு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சத்துவாச்சாரி வீட்டில் மேசை மேல் ஒரு சிம்பன்சி மண்டையோட்டின் பிளாஸ்டர் வார்ப்பு இன்னும் இருக்கிறது. வந்த கேள்விகளில் பாதி சோளிங்கர் குரங்குகள் மேல் புகார். சரி, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

சோளிங்கர் மலைப் படியில் ஒரு பெரிய ஆண் குரங்கு என் பையைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. எவ்வளவு நீளப் பல்! பழமும் இலையும் தின்கிற பிராணிக்கு அது எதற்கு சார்?

அது தூக்கக் கொட்டாவி இல்லை, மிரட்டல். அடுத்த தடவை நாலு அடி தள்ளி நில்லுங்கள். அந்தக் கோரைப்பல் சாப்பாட்டுக்கு வந்ததல்ல, மற்ற கடுவன்களோடு மல்லுக்கட்ட வந்தது. பெண் குரங்கும் அதே தேங்காய்ச் சில்லைத்தான் தின்கிறது, ஆனால் அதன் கோரைப்பல் சிறியது.

அந்தப் பல்லின் பின்விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல் சாய்ந்து நீண்டு அதற்குச் சாணைக்கல்லாக நிற்கிறது. வாயை மூடும்போதெல்லாம் கோரைப்பல் அதன் மேல் உரசித் தீட்டிக்கொள்ளும். நம் வம்சத்தில் அந்தச் சாணை சீக்கிரமே போய்விட்டது. எத்தியோப்பியாவில் கிடைத்த ஆர்டிபித்தேகஸ், 44 லட்சம் ஆண்டுப் பழசு, மூளை சிம்பன்சி அளவுக்கு மேல் போகவில்லை. ஆனால் கோரைப்பல் ஆணுக்கும் சின்னது. மூளை பெருக்கும் முன்பே பல் சுருங்கிவிட்டது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

குரங்கு கன்னத்தில் பொரியை அடைத்து வைக்கிறதே, அதற்கு எலும்பில் குழி இருக்குமா?

இல்லை, அது வெறும் தோலும் தசையும் சேர்ந்த பை. உட்கார்ந்து புறங்கையால் கன்னத்தை அழுத்தி அழுத்தி வெளியே தள்ளித் தின்னும், கவனித்துப் பாருங்கள். சாம்பல் மந்திக்கு இந்தப் பை கிடையாது. இலை தின்கிற ஜாதி, அதற்குப் பல அறைகள் கொண்ட இரைப்பை.

ஆம்பூரில் கறிக்கடை வைத்திருக்கிறேன். ஆட்டுத் தலையைப் பிளக்கும்போது கீழ்த்தாடை நடுவில் சுலபமாக இரண்டாகிவிடும். மனுஷனுக்கும் அப்படியா?

அண்ணே, இத்தனை வருடத்தில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி. ஆட்டுக்கு இரண்டு பாதித் தாடைகளும் நடுவில் எலும்பாக ஒட்டுவதில்லை, நார்தான் பிடித்திருக்கிறது. தேவாங்குக்கும் அப்படித்தான். குரங்குக்கும் நமக்கும் ஒரே எலும்பாக ஒட்டிவிடும், நமக்கு ஏறக்குறைய ஒரு வயதுக்குள். ஒட்டினால் வலது பக்கம் கடிக்கும்போது இடது பக்கத் தசையின் பலமும் சேரும் என்பது ஒரு விளக்கம்.

இன்னொன்றையும் உங்கள் கடையிலேயே பார்க்கலாம். ஆட்டுத் தாடையின் கீல், பல்வரிசைக்கு வெகு மேலே இருக்கும். அதனால் கடைவாய்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து அரைக்கும். பூனைக்கும் நாய்க்கும் கீல் பல்வரிசை மட்டத்திலேயே இருப்பதால் கத்தரிக்கோல் மாதிரி பின்னாலிருந்து வெட்டும். கொரில்லா, மந்தி, நாம் எல்லோரும் கீல் விஷயத்தில் ஆட்டுக் கட்சி.

எங்கள் காலத்துப் பாடப்புத்தகத்தில் மனிதனின் முதல் மூதாதை ராமாபித்தேகஸ் என்று படித்தேன். இப்போது பேத்தி புத்தகத்தில் அந்த மாதிரி சொல்லவில்லை. எங்கே போனார்? (ஆரணி)

ராமர் பெயர் வைத்த அந்த ஆசாமியை நானும் வகுப்பில் பெருமையாக நடத்தியிருக்கிறேன் ஐயா. 1932ல் இமாசலப் பிரதேசத்து ஹரிதல்யங்காரில் எட்வர்ட் லூயிஸ் கண்டெடுத்தது மேல்தாடையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். தாடையின் நடுக்கோடு அதில் இல்லை. நடுக்கோடு எங்கே என்று தெரியாமல் மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக வைத்தால், எந்த வளைவும் வரும். மனிதப் பல்வரிசையின் வில் வளைவு வந்தது. கோரைப்பல் சின்னதாக இருந்திருக்கும் என்று வேறு கணித்தார்கள். 1960களில் ஆய்வாளர்கள் எல்வின் சைமன்ஸும் டேவிட் பில்பீமும் அதை மனித வம்சத்தின் தொடக்கத்தில் ஏற்றி வைத்தார்கள்.

பின்னால் முழுசான கீழ்த்தாடைகள் கிடைத்தன, வில் வளைவு போயிற்று. அப்புறம் பாகிஸ்தானின் போட்வார் மேட்டில் அதற்கு நெருங்கிய சிவாபித்தேகஸ் என்ற பழைய வாலில்லாக் குரங்கின் முகமே கிடைத்தது: குறுகிய கண்ணிடைவெளி, உயர்ந்து நீண்ட கண்குழி, அப்படியே ஒராங்குட்டான் சாயல். 1982ல் அதை வெளியிட்டவர் அதே பில்பீம். தான் கட்டிய வீட்டைத் தானே இடித்தார், அதற்கு ஒரு மனசு வேண்டும். இப்போது ராமாபித்தேகஸ் என்று தனியாக ஒன்று இல்லை, சிவாபித்தேகஸில் சேர்த்துவிட்டார்கள். சிவனுக்குள் ராமர் அடக்கம்.

மண்டை உச்சியில் சேவல் கொண்டை மாதிரி எலும்பு வைத்த ஆதிமனிதன் படம் பார்த்தேன். கொட்டை உடைப்பவனாமே?

முதலில் இரண்டு விரலை உங்கள் பொட்டில் வைத்துப் பல்லைக் கடியுங்கள். புடைக்கிறதல்லவா, அந்தத் தசை கன்ன எலும்பு வளைவுக்குள் இறங்கிக் கீழ்த்தாடையைப் பிடிக்கிறது. தசை பெரிதாகி மண்டை சின்னதாக இருந்தால் ஒட்ட இடம் போதாது. இரண்டு பக்கத் தசையும் உச்சியில் சந்திக்கும் இடத்தில் எலும்பு வரப்பு எழும். ஆண் கொரில்லாவுக்கும் உண்டு.

நீங்கள் படத்தில் பார்த்தது, 1959ல் தான்சானியாவின் ஓல்டுவாயில் ஆய்வாளர் மேரி லீக்கி எடுத்த மண்டையோட்டுக்காரன். ஏறக்குறைய 17.5 லட்சம் ஆண்டுப் பழசு. பெரிய கடைவாய்ப்பல், கனத்த எனாமல், கன்ன எலும்பு தட்டுபோல அகலம். யார் பார்த்தாலும் கொட்டை உடைத்தான் என்றுதான் சொல்வார்கள், நானும் சொன்னேன். ஆனால் பல்லின் மேல் நுண்ணிய தேய்மானத்தைப் பார்த்தபோது கெட்டிப் பொருளைக் கடித்த குழிகள் இல்லை. 2011ல் எனாமலின் கார்பன் வகைகளை அளந்தபோது, பெரும்பாலும் புல், கோரை மாதிரிச் செடிகள். நாள் முழுக்க மென்றுகொண்டே இருந்திருக்கிறது, பாவம். தாடை என்ன முடியும் என்று காட்டும். என்ன தின்றது என்று பல்லைத்தான் கேட்க வேண்டும்.

என் மகளுக்கு 22 வயது, ஞானப்பல் படுத்தபடி முளைக்கிறது. பரிணாமத்தில் தாடை சுருங்கியதாலா? (குடியாத்தம்)

பாதி அதுதான். மீதிப் பாதி சாப்பாடு. வளர்கிற வயதில் நன்றாக மென்றால்தான் தாடை எலும்பு நன்றாக வளரும். குழி முயலளவு பிராணி ஒன்றுக்கு, ஹைராக்ஸ் என்று பெயர், மென்மையாகச் சமைத்த தீனி போட்டு வளர்த்தார்கள். முகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவாக வளர்ந்தது. சண்டிகர் பக்கம் கிராமத்துப் பிள்ளைகளையும் நகரத்துப் பிள்ளைகளையும் ராபர்ட் கொருச்சினி என்ற மானுடவியலாளர் ஒப்பிட்டபோது, மென்மையாகத் தின்ற நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் பல்வரிசைக் கோணல் அதிகம். ஆனால் 22 வயதில் கரும்பு கடித்துப் பலன் இல்லையம்மா, பல் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பேரன் பேத்திக்கு முறுக்கு கொடுங்கள்.

குரங்குக்கு மோவாய் உண்டா?

இல்லை. நியாண்டர்தாலுக்கும் இல்லை. முன்னால் துருத்தும் மோவாய் நம் இனத்துக்கு மட்டும். காரணம் இன்னும் சண்டையில் இருக்கிறது.

ஜவ்வாது மலையில் நடக்கும்போது ஒரு மண்டையோடு கிடந்தது. கண்ணைச் சுற்றி எலும்பு வளையம். மேலே முன்பற்கள் இல்லை, விழுந்திருக்கும். குரங்குதானே? எடுத்து வரலாமா?

வளையத்தின் பின்பக்கம் விரல் நுழைகிறதா? குரங்குக்கும் நமக்கும் அங்கே எலும்புச் சுவர் இருக்கும், கண் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். தேவாங்குக்கு வெறும் வளையம். இன்னொன்று, பல் விழுந்திருந்தால் பல்குழி இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மேல்தாடை முன்பக்கம் மொழுமொழுவென்று இருக்கிறது. அங்கே பல் இருந்ததே இல்லை.

வளையமும் இருந்து மேல் முன்பல்லும் இல்லையென்றால் ஆடு, இல்லாவிட்டால் கொம்பில்லாத பெண்மான். மானாக இருந்தால் வீட்டில் வைப்பது வம்பு, அதனால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வனக்காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆடு என்றால் ஆம்பூர் அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்த உடனே சொல்லியிருப்பார்.