எடையா, பரம்பரையா? நடுவயதில் இன்சுலின் தேவைப்படுவது ஏன்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் உரக்கடை நடத்துகிறேன். வயது 43, உயரம் 165 செ.மீ., எடை 82 கிலோ. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்; மாத்திரைகள் இப்போது பலன் தரவில்லை. காட் எதிர்ப்பொருள் பரிசோதனை பாசிட்டிவ் என்றும் இன்சுலின் தேவை என்றும் மருத்துவர் சொல்கிறார். அம்மாவுக்கு முதுமையில் சர்க்கரை வந்தது. சித்தப்பா மகள் பள்ளி வயதிலிருந்தே இன்சுலின் போடுகிறாள். என் எடை காரணமா, பரம்பரையா? இளைத்தால் இன்சுலினைத் தவிர்க்கலாமா? பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: இரண்டுக்குமே பங்கு உண்டு, ஆனால் ஒரே விதமான பங்கு அல்ல. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை மெல்ல அழிக்கும் 'லாடா' என்னும் நீரிழிவு உங்களுக்கு இருப்பதாகத் தெரிகிறது. ரத்தத்தில் காணப்படும் காட் எதிர்ப்பொருள் இந்தத் தாக்குதலின் அடையாளம். பெரும்பாலும் 30 வயதுக்குமேல் தொடங்கி, குறைந்தது முதல் ஆறு மாதங்களாவது இன்சுலின் இல்லாமல் சமாளிக்க முடிவதால், இதை, இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆள் பருமனாக இருந்துவிட்டால் சந்தேகமே எழுவதில்லை. பிரிட்டனின் யுகேபிடிஎஸ் என்ற நீரிழிவு ஆய்வில், இரண்டாம் வகை எனக் கருதப்பட்டவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்குக் காட் எதிர்ப்பொருள் இருந்தது.

எதிர்ப்பாற்றலை நெறிப்படுத்தும் எச்எல்ஏ மரபணுக்களின் டிஆர்3, டிஆர்4 வகைகள், பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கி இன்சுலின் தேவைப்படும் முதல் வகை நீரிழிவுக்கும் லாடாவுக்கும் பொதுவானவை. இரண்டாம் வகையோடு தொடர்புடைய டிசிஎஃப்7எல்2 மரபணுவுக்கும் லாடாவில் பங்கிருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் மற்றொன்றும் வந்து சேர்ந்திருக்கக்கூடும்.

எடைதான் எதிர்ப்பொருளை உண்டாக்கியது என்று சொல்ல ஆதாரம் போதாது. வயிற்றைச் சுற்றிய கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் தேவை கூடுகிறது. மதகில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும்போது சாகுபடிப் பரப்பைக் கூட்டினால் கடைமடை முதலில் காய்வதைப் போல, செல்கள் பாதி அழிந்த நிலையிலேயே பற்றாக்குறை வெளிப்பட்டுவிடுகிறது. சுவீடன், நார்வே ஆய்வுகளில் அதிக எடை லாடா அபாயத்தைக் கூட்டியது. எதிர்ப்பொருள் அளவு குறைவாக இருந்தவர்களிடம் இத்தொடர்பு வலுவாகத் தெரிந்தது. ஆகவே உங்கள் அறிக்கையில் பாசிட்டிவ் என்ற சொல்லோடு நிற்காமல் அளவையும் பாருங்கள்.

உங்கள் உடல் நிறை குறியீடு 30. இந்தியர்களுக்கு 25 என்பதே பருமன். மதியச் சோற்றின் அளவைக் குறைத்து எடையை இறக்கினால் குறைந்த அளவு இன்சுலினே போதுமானதாக இருக்கும். ஆனால் அழிந்த செல்கள் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்சுலினைத் தள்ளிப்போடலாமா என்பதை, உங்கள் கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு ரத்தப் பரிசோதனையே சொல்லும். 2020-இல் வெளியான பன்னாட்டு நிபுணர் பரிந்துரைப்படி, அது லிட்டருக்கு 0.3 நேனோமோலுக்குக் கீழே இருந்தால் இன்சுலின் கட்டாயம், 0.7-க்கு மேல் இருந்தால் வேறு மருந்துகளோடு மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்கலாம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை அந்தப் பரிந்துரை ஏற்கவில்லை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை எடுத்தால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முயற்சியே இல்லாமல் எடை இறங்கினால், ஊரார் பாராட்டினாலும் நீங்கள் மகிழ வேண்டாம். அது இன்சுலின் தீர்வதன் அடையாளமாக இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு எச்எல்ஏ சோதனை தேவையில்லை. அந்த மரபணு வகைகள் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. எடை கூடாமல் பார்த்துக்கொண்டு, அதிக தாகமும் உடல் மெலிவும் தென்பட்டால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். லாடா உள்ளவர்களிடம் எதிர்ப்பாற்றல் தைராய்டு சுரப்பியைத் தாக்கும் தைராய்டு தன்னெதிர்ப்பும் அதிகம் என்பதால், அடுத்த ரத்தப் பரிசோதனையின்போது உங்களுக்கு அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.