மதுரைக்கு மூட்டை கட்டும் முன்

கேள்வி: எங்கள் ஊரில் நல்ல பள்ளிக்கூடமே இல்லை. மகன் இங்கே ஆங்கில வழி நர்சரி பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். ஆறாம் வகுப்புக்கு மதுரையில் பெரிய மெட்ரிக் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட்டு, மனைவியையும் அவனையும் அங்கே வாடகை வீட்டில் வைக்க நினைக்கிறேன். கடையை விட்டு நான் போக முடியாது. சரியான முடிவுதானே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், முதுகுளத்தூர்

பதில்: உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். வாடகை, அட்வான்ஸ், வேன் கட்டணம் எல்லாம் அதில் கணக்காக இருந்தன. உள்ளூர்ப் பள்ளி ஒன்றுக்குள் போய் வாத்தியார் யாரிடமாவது பேசியதாக ஒரு வரி இல்லை. பார்க்காமலே ‘இல்லை’ என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

நீங்கள் தேடிப் போகிற புத்தகம் உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலேயே இலவசம். சமச்சீர் கல்வி வழக்கு 2011இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பிறகு மெட்ரிக்குக்கென்று தனிப் பாடத்திட்டம் கிடையாது. பத்தாம் வகுப்பில் மதுரைப் பையனுக்கும் முதுகுளத்தூர்ப் பையனுக்கும் ஒரே வினாத்தாள்தான். சிபிஎஸ்இ என்றிருந்தாலாவது பாடம் வேறு, பேசிப் பார்க்கலாம்.

அடுத்தது, ஆறாம் வகுப்பு என்பது சாதாரண இடம் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மறு ஆண்டே பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்துவிட்டது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிச் செலவு அரசுடையது. ஓராண்டு தனியார் பள்ளியில் உட்கார்ந்தாலும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அரசு உதவி பெறும் பள்ளிக்கும் இது கிடையாது, குழப்பிக்கொள்ள வேண்டாம். கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கிறது. (அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழி வேண்டும். அந்த பஸ் உங்கள் பையனுக்கு எப்போதோ போய்விட்டது.)

சலுகைக்காக மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. சிற்றூர் அரசுப் பள்ளியில் உண்மையான குறை எது தெரியுமா? சுவரோ பெஞ்சோ அல்ல. பிளஸ் ஒன்னுக்கு இயற்பியலோ கணிதமோ எடுக்க வேண்டிய முதுகலை ஆசிரியர் மாறுதல் வாங்கிப் போவார். இடம் காலியாகவே கிடக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தற்காலிகமாக ஒருவரைப் போட்டு ஓட்டுவார்கள். நான் பயப்படுவது இதற்குத்தான். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். தலைமையாசிரியரைப் பாருங்கள். எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, எத்தனை மாதமாக இல்லை, பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது, ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். அப்படியே ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். திருத்திய சிவப்பு மை எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆண்டு விழா பேனரைவிட அது நிறையச் சொல்லும்.

மதுரைப் பள்ளியிலும் இதே நோட்டைக் கேளுங்கள், காட்டுகிறார்களா பார்ப்போம். கட்டண நிர்ணயக் குழு அவர்களுக்கு விதித்த தொகை எவ்வளவு, கட்டும் பணம் முழுவதற்கும் ரசீது உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் போடாத கணக்கு ஒன்று. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருஷம். இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டினால்தான் பையன் அப்பாவைப் பார்ப்பான். இதற்கு உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? இரண்டு பக்கத்தில் அதற்கும் ஒரு வரி இல்லை.

வீட்டு அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். உள்ளூரில் கேட்டுப் பார்த்து, முதுகலை ஆசிரியர் இடங்கள் வருஷக்கணக்கில் காலி என்று தெரிந்தால், தாராளமாக மதுரைக்குப் போங்கள். நான் தடுக்க மாட்டேன்.