வாசகர் கேள்வி: கிரேக்க மணப்பெண்ணுக்கு அலங்காரம்

கேள்வி: அக்கா மகன் கிரேக்க நாட்டுப் பெண்ணைக் கட்டுகிறான். முகூர்த்தத்துக்குக் கூறைப்புடவை, மாலை வரவேற்புக்கு அவர்கள் ஊர் உடை என்கிறாள் பெண். வேலூர் வெயிலுக்கு அது தாங்குமா? யார் கட்டிவிடுவது?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் எந்த ஊர் உடை என்று பெண்ணிடம் கேளுங்கள். அங்கே வட்டாரத்துக்கு ஒன்று. ஏதென்ஸைச் சுற்றியுள்ள அத்திகா கிராமத்து உடை என்றால் மேலே கம்பளி அங்கி உண்டு. நம் ஊரில் மார்கழியிலும் வேண்டாம். அமாலியா உடை என்றால் கவலையில்லை. 1837இல் கிரீஸுக்கு வந்த ராணி அமாலியா பெயரில் வழங்குவது: கால்வரை பட்டு கவுன், மேலே பொன்னிழை வேலைப்பாட்டோடு இடுப்பைப் பிடிக்கும் வெல்வெட் குட்டைச் சட்டை, தலையில் நீளக் குஞ்சம் தொங்கும் சிவப்புக் குல்லா. குல்லா கல்யாணமானவர்களுக்கு உரியது. தாலி ஏறிய பிறகு வரவேற்பு என்பதால் பொருத்தம்தான்!

இருபது வருடமாக சத்துவாச்சாரியில் பெண் அலங்காரம் செய்கிறேன். இப்படி ஒரே ஒரு பெண்ணுக்கு உடுத்திவிட்டிருக்கிறேன். பாட்டி காலத்து வெல்வெட் சட்டை. பழக்க தோஷத்தில் ஊக்கை எடுத்துக் குத்தப் போனேன். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வெல்வெட்டில் விழுந்த ஓட்டை மூடாது. தொளதொளவென்றிருந்தால் உள்பக்கம் நூல் ஓட்டிப் பிடியுங்கள், அவ்வளவுதான். கவுன் மட்டும் புதிதாக வேண்டுமென்றால் புட்டா இல்லாத ஆரணிப் பட்டில் தைக்கலாம். நல்ல அகலம் வேண்டும், ஒரு புடவை போதாது.

குல்லா வழுக்கும். கொண்டையை உச்சிக்குக் கீழே போட்டு, அதில் கொண்டை ஊசியால் நிறுத்துங்கள். நான் உச்சியிலேயே போட்டுவிட்டேன், மூன்றாவது போட்டோவிலேயே சரிந்துவிட்டது.

நகை கடைசியில்தான். முதலிலேயே போட்டால் பொன்னிழை மாட்டிக்கொண்டு பிரியும். அத்திகாவில் மணப்பெண் மார்பு நிறைய நாணயம் கோத்த மாலை போடுவது உண்டு, அது சீதனத்தில் சேர்த்தி. அன்று மாமியார் தன் காசுமாலையைக் கழற்றிக் கொடுத்தார். பெண்ணின் அம்மா அதைக் கையில் வாங்கி, ஒவ்வொரு காசாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மகள் கழுத்தில் போட்டார்.

அப்புறம், மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஈரம் பட்டால் வெல்வெட் படிந்து தடம் விழும். சந்தனக் கிண்ணமும் அவள் பக்கம் போகவேண்டாம்.