வீழ்படிவுக்குள்ள படிகம் இருக்கா?

கேள்வி: சில்வர் நைட்ரேட் கரைசல்ல உப்புக் கரைசல ஊத்தினா சட்டுனு வெள்ளையா வீழ்படிவு வருது. ஆனா பார்க்க படிகம் மாதிரியே இல்ல. அப்போ படிக அமைப்புக்கும் வீழ்படிவுக்கும் சம்பந்தம் இருக்கா? எப்படி செக் பண்றது?

பதில்: சம்பந்தம் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணு கிடையாது. வீழ்படிவாகறதுங்கறது கரைசல்ல நடக்கற நிகழ்வு, தண்ணி தாங்கற அளவ தாண்டினதும் மிச்சம் திடமா பிரிஞ்சு வந்துடும். அந்த திடத்துக்குள்ள அயனிகள் எப்படி வரிசைகட்டி நிக்குதுங்கறதுதான் படிக அமைப்பு. உருகின உலோகம் ஆறினாலும் படிகம் வரும், அதுக்கு வீழ்படிவே தேவையில்ல.

நீங்க பார்த்த அந்த தயிர் மாதிரி வெள்ளையும், அதாவது சில்வர் குளோரைடும், படிகம்தான், என்ன, ஒவ்வொண்ணும் ரொம்ப பொடிசு. ரெண்டு கரைசலும் கலந்த உடனே ஒரே நேரத்துல எக்கச்சக்க இடத்துல படிகம் உருவாக ஆரம்பிச்சிடுது, அதனால எதுவுமே பெருசா வளர முடியாம எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, சில்வர் குளோரைடுக்கும் சாதா உப்புக்கும் படிக அமைப்பு ஒரே வகைதான், ரெண்டுலயும் ஒவ்வொரு உலோக அயனிய சுத்தியும் 6 குளோரைடு நிக்கும், அப்படியிருந்தும் 25 டிகிரி செல்சியஸ்ல ஒரு லிட்டர் தண்ணில உப்பு சுமார் 360 கிராம் கரையும், சில்வர் குளோரைடோ 2 மில்லிகிராம் கூட கரையாது! அமைப்ப மட்டும் பார்த்து எது வீழ்படிவாகும்னு சொல்லவே முடியாது, அயனிகள் ஒண்ணையொண்ணு எவ்ளோ இறுக்கி பிடிச்சிருக்கு, தண்ணி அதுங்கள எவ்ளோ இழுக்குதுன்னு பார்க்கணும்.

தலைகீழாவும் நடக்கும். கால்சியம் கார்பனேட் வீழ்படிவானா கால்சைட், அரகோனைட், வாட்டரைட்னு 3 அமைப்புல எதுவும் வரலாம், கரைசல்ல மெக்னீசியம் அதிகமா இருந்தா அரகோனைட் பக்கம் சாயும். எல்லா வீழ்படிவும் படிகம்னும் நினைச்சுடாதீங்க, இரும்பு உப்புக் கரைசல்ல காரம் சேர்த்தா ஜெல் மாதிரி பழுப்பா வருமே, புதுசா வர்றப்போ அதுக்குள்ள ஒழுங்கான வரிசை கிட்டத்தட்ட இருக்காது, நாளாக நாளாகத்தான் படிகமா மாறும்.

கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க. பொடிய காயவெச்சு எக்ஸ்ரே விளிம்பு விளைவு (பொடி மேல எக்ஸ்ரே பாய்ச்சி, அது எந்தெந்த கோணத்துல எவ்ளோ சிதறுதுன்னு வரைபடமா பார்க்கற சோதனை) எடுங்க, படிகம்னா வரைபடத்துல கூர்மையான பீக் வரும், இல்லன்னா அகலமான மேடுதான் வரும். 1913ல இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் சாதா உப்போட அமைப்ப கண்டுபிடிச்சதும் எக்ஸ்ரே வெச்சுதான். சாம்பிள மட்டும் வெளிச்சம் படாம வைங்க, சில்வர் குளோரைடு கறுத்துடும்.